கூட்டு வாசிப்பு இழை: ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ (வாரத்துக்கு 7 அத்தியாயம்)

திண்ணை (இழையை நடத்துபவர்)

வாக்கெடுப்பு முடிந்தது. மாயமும் காதலும் கலந்த நாவல்தான் வேண்டும் என்று கை தூக்கினவர்களே அதிகம். டிராகன் மேல் ஏறிப் போர்ப் பயிற்சி எடுக்கும் கதைகள் இப்போது எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கின்றன. அதில் ஒன்றை எடுக்காமல் கொஞ்சம் பின்னால் போவோம் என்று 1986-இல் வந்த இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். எழுதியவர் டயானா வின் ஜோன்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது மாயக் கதை எழுத்தாளர்கள் டோல்கீன், சி. எஸ். லூயிஸ் இருவருடைய விரிவுரைகளையும் நேரில் கேட்டவர். 2011-இல் காலமானார்.

மொத்தம் 21 அத்தியாயம், மூன்று வாரம். அந்தந்த வாரத்துக்கான பகுதியைத் தாண்டி யாரும் பேச வேண்டாம். இதை வைத்து 2004-இல் வந்த ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் அனிமேஷன் படத்தைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். முதல் வாரம் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் கட்டை அவிழ்த்துவிடுகிறேன்.

முதல் பக்கத்துக்கு முன்னால் இருக்கும் சமர்ப்பணத்தையும் படித்துவிடுங்கள். ஒரு பள்ளிக்குப் போனபோது அங்கே ஒரு பையன், நகரும் கோட்டை என்ற பெயரில் ஒரு கதை எழுதுங்கள் என்று கேட்டானாம். அதிலிருந்து பிறந்த புத்தகம் இது.

கடைசி பெஞ்சு

ஆஜர். காதல் எந்த அத்தியாயத்தில் வரும்னு மட்டும் சொல்லுங்க, நேரா அங்க போயிடறேன்.

திண்ணை

தம்பி, அதைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று வாரம்.

பெரியக்கா

முதல் அத்தியாயம் முடித்தேன். முதல் பத்தியிலேயே என்னை மடக்கிப் போட்டுவிட்டார் இந்த அம்மா. இங்கரி என்ற நாடு. ஏழு காத தூரம் ஒரே எட்டில் தாண்டும் காலணி எல்லாம் அங்கே நிஜம். அப்படிப்பட்ட நாட்டில் மூன்று பேரில் மூத்ததாகப் பிறப்பது பெரிய துரதிர்ஷ்டம். மூவரும் அதிர்ஷ்டம் தேடிக் கிளம்பினால் முதலில் தோற்பது மூத்ததுதான் என்று ஊருக்கே தெரியும். நம் பாட்டிமார் கதைகளிலும் மூத்த இளவரசர்கள் போய் மாட்டிக்கொள்வார்கள், கடைக்குட்டி போய் ஜெயித்துவிட்டு வருவான். கேட்டுக்கொண்டிருக்கும் மூத்த பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று எந்தப் பாட்டியாவது யோசித்திருப்பாளா?

நாயகி சோஃபி மூன்று சகோதரிகளில் மூத்தவள், அதை அப்படியே நம்பிவிடுகிறாள். அப்பா இறந்ததும் தங்கை லெட்டியைப் பேக்கரியில் வேலை கற்க அனுப்புகிறார்கள். சின்னவள் மார்த்தாவை ஒரு மந்திரக்காரம்மாவிடம் அனுப்புகிறார்கள். மூத்தவள் மட்டும் குடும்பத் தொப்பிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து தைக்கிறாள், சம்பளம் கிடையாது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் தொப்பிகளோடு பேசுகிறாள். நீ பணக்காரனைக் கட்டிக்கொள்வாய், உனக்கு நல்ல மனசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்து.

நம்ம வீட்டு மூத்த பெண்கள் இந்த அத்தியாயத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

குட்டி நூலகர்

அந்தத் தொப்பிப் பேச்சை அடிக்கோடு போட்டு வையுங்கள். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்வேன்.

கடைசி பெஞ்சு

அதுக்குள்ள கிழவி ஆயிட்டாங்க சோஃபி! பாழ்நிலச் சூனியக்காரி கடைக்கு வர்றா, என்ன கோபம்னே தெரியல, தொண்ணூறு வயசாக்கிட்டுப் போயிடறா. இதை யாருகிட்டயும் சொல்லவும் முடியாது. நம்ம ஆளு என்ன பண்ணுது? கண்ணாடியைப் பார்த்து, பரவாயில்ல, திடமாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுது. அழுகை கிழுகை ஒண்ணும் இல்ல. எனக்கு இந்தக் கிழவியைப் பிடிச்சிருக்கு. ஆனா காதல் கதையில நாயகிக்குத் தொண்ணூறு வயசுன்னா எப்படிங்க?

யாழ்மழை

நான் படம் பாத்திட்டு வந்தனான், ஆனா வாயத் திறக்கேல்லை, திண்ணை அண்ணை கவனிக்க. புத்தகத்திலை கிழவியானாப் பிறகு அவள் கதைக்கிற விதம்தான் எனக்குப் பிடிச்சது. பதினெட்டு வயசிலை மே தினத்தண்டு சந்தைக்குப் போக, ஒரு வடிவான பெடியன் வந்து கதை குடுக்கிறான். பயந்து சுவரோடை ஒட்டி நிண்டிட்டு ஓடுறாள். அதே ஆள் கிழவியானாப் பிறகு ஹௌல் எண்ட மந்திரவாதியின்ரை கோட்டைக்குள்ளை சொல்லாமக் கொள்ளாமப் போய், அடுப்படியிலை கதிரையைப் போட்டுக் குந்தி இருக்கிறாள். அடுப்பிலை எரியிற நெருப்புப் பிசாசோடை பேரம் பேசுறாள். வயசு போனா ஆர் என்ன சொல்லுறது?

பெரியக்கா

யாழ்மழை சொன்னதுதான் சரியான புள்ளி. பதினெட்டு வயதுப் பெண் வாய் திறந்தால் திமிர், தொண்ணூறு வயதுக் கிழவி திறந்தால் அனுபவம். சாபம் என்று வந்தது அவளுக்கு விடுதலையாக முடிகிறது. மூட்டு வலி மட்டும் கூலி.

இரவு ரயில்

கால்சிஃபர் என்ற அந்த நெருப்புப் பிசாசு சோஃபியோடு போடும் ஒப்பந்தத்தைக் கவனித்தீர்களா? எனக்கும் ஹௌலுக்கும் இடையில் இருக்கும் ஒப்பந்தத்தை நீ உடை, உன் சாபத்தை நான் எடுக்கிறேன் என்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தம் என்ன என்று சொல்ல அதற்கு அனுமதி இல்லை. தன் சாபத்தைச் சொல்ல முடியாத ஒருத்தி, தன் ஒப்பந்தத்தைச் சொல்ல முடியாத ஒரு நெருப்பு. இரண்டும் அடுப்பங்கரையில் எதிரெதிரே. நான் நிறைய மாயக் கதைகள் படித்தவன், ஆனால் இவ்வளவு சிக்கனமாக ஒரு முடிச்சைப் போட்டு யாரும் பார்த்ததில்லை.

கடைசி பெஞ்சு

ஆறாம் அத்தியாயம்!!! பச்சைச் சளி!!!

திண்ணை

சாப்பிடும் நேரத்தில் இதைத் திறந்தவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். சோஃபி வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று குளியலறைப் புட்டிகளை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிடுகிறாள். ஹௌலின் முடிச்சாயம் தப்பாகப் போகிறது. பார்த்தால் மற்றவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் அந்த ஆள் உலகமே முடிந்ததுபோல அலறி, உடம்பெல்லாம் பச்சைக் கூழ் வழிய உட்கார்ந்துவிடுகிறான். ஊரே பயப்படும் மந்திரவாதி. இளம்பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று பெயர். காலையில் குறைந்தது இரண்டு மணி நேரம் குளியலறையில்.

குட்டி நூலகர்

அந்தப் ‘பெயர்’ எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீடன் மைக்கேல் ஊரெல்லாம் போய்ப் பரப்பியது அது, ஹௌல் சொல்லித்தான். ராஜா வேலை கொடுத்துவிடக் கூடாது, யாரும் தேடி வந்து தொந்தரவு செய்யக் கூடாது. அதற்காகத் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ளும் ஆள். இவனை வில்லன் என்று சொல்வதா, சோம்பேறி என்று சொல்வதா?

இரண்டாம் வாரம் (8 முதல் 14 வரை)

இரவு ரயில்

இந்த வாரம் என் வாரம். ஹௌலின் கதவு பற்றி யாருமே பேசவில்லையே. வாசலுக்கு மேலே ஒரு சதுரக் கட்டை, நான்கு பக்கமும் நான்கு நிறம். திருப்பினால் ஒரே கதவு நான்கு இடங்களில் திறக்கும். பச்சைக்கு மலைமேல் நகரும் கோட்டை, நீலத்துக்குப் போர்ட்ஹேவன் என்ற துறைமுகம், சிவப்புக்குத் தலைநகர் கிங்ஸ்பரி. கறுப்பு? பதினோராம் அத்தியாயம் வரை பொறுத்தால் திறக்கிறது. அந்தப் பக்கம் வேல்ஸ். நம் உலகத்து வேல்ஸ்! கார் நிற்கிறது, தொலைக்காட்சி ஓடுகிறது, அக்கா மேகன் தம்பியைத் திட்டுகிறாள், பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடுகிறார்கள். மகா மந்திரவாதி ஹௌலின் நிஜப் பெயர் ஹௌவல் ஜென்கின்ஸ், படித்துவிட்டு உருப்படாமல் போனவன் என்று குடும்பத்தில் பெயர்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எவ்வளவு பெரிய மாயக்காரனாக இருந்தாலும் அக்கா வீட்டில் அவன் வேலை வெட்டி இல்லாத தம்பிதான். ஜோன்ஸ் போர்க்காலத்தில் சின்னப் பிள்ளையாக வேல்ஸில் இருந்த தாத்தா வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அந்தக் கறுப்புப் பக்கத்தை அவர் ஆசையோடு எழுதியிருப்பது தெரிகிறது.

யாழ்மழை

படத்திலை வேல்ஸே இல்லை! இப்ப சொல்லலாம்தானே? படத்திலை கறுப்புப் பக்கம் திறந்தாப் போர்தான். மியாசாகி அந்த நேரம் ஈராக் யுத்தத்திலை கடும் கோவத்தோடை இருந்தவர், அது படம் முழுக்கத் தெரியுது. புத்தகத்திலை போர் எங்கையோ தூரத்திலை, வரப்போகுது எண்ட பேச்சு மட்டும்தான். எனக்குப் படத்தின்ரை போர்தான் நெஞ்சுக்குள்ளை நிக்குது. குண்டு விழுகிற ஊரிலை வளந்த ஆக்களுக்கு அது வேறை மாதிரித்தான் படும்.

பெரியக்கா

அதில் வாதம் செய்ய எனக்கு உரிமை இல்லை, யாழ்மழை. ஆனால் படத்தில் மார்த்தாவே இல்லை, மைக்கேல் பொடியனாகிவிட்டான். சகோதரிகள் கதை போனதும் எனக்கு ஒரு பெரிய துண்டு போன மாதிரி. லெட்டியும் மார்த்தாவும் மந்திரத்தால் உருவம் மாற்றி இடம் மாறிக்கொண்டார்களே, அந்தக் குழப்பம்தான் புத்தகத்தின் பாதிச் சிரிப்பு. மைக்கேல் காதலிக்கும் ‘லெட்டி’ உண்மையில் மார்த்தா. ஹௌல் தேடிப் போகும் லெட்டி உண்மையான லெட்டி. சோஃபிக்கோ இரண்டு தங்கைகளையும் இவன் கெடுத்துவிடுவான் என்ற பதற்றம்.

இரவு ரயில்

கவிதையை மறந்துவிடாதீர்கள். மைக்கேலிடம் ஒரு காகிதம் வருகிறது. அதை மந்திரம் என்று நினைத்து வரிவரியாகச் செய்து பார்க்கிறான். விழும் நட்சத்திரத்தைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறதே என்று ஏழு காதக் காலணி போட்டுக்கொண்டு சோஃபியும் அவனும் போர்ட்ஹேவன் சதுப்பில் ராத்திரி ஓடுகிறார்கள். நட்சத்திரம் இவர்களிடம் சிக்க மறுத்துத் தண்ணீரில் விழுந்து அணைகிறது. கடைசியில் பார்த்தால் அந்தக் காகிதம் வேல்ஸில் இருக்கும் மருமகன் நீலின் வீட்டுப்பாடம்! ஆங்கில வகுப்புக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய ஜான் டன் கவிதை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த கவிஞர்.

அதோடு நின்றிருந்தால் நகைச்சுவை. ஆனால் சூனியக்காரி அதே கவிதையை ஹௌல் மேல் சாபமாக ஏவியிருக்கிறாள். கவிதையில் இருக்கும் நடக்காத காரியங்கள் ஒவ்வொன்றாக நடக்க நடக்க இவன் கழுத்தில் சுருக்கு இறுகும். பெண்களில் உண்மையானவள் கிடையாது என்று சலித்துக்கொள்ளும் ஒரு கவிதையை எடுத்து, பெண்களை ஏமாற்றும் ஓர் ஆணுக்குத் தூக்குக் கயிறாகத் திரித்திருக்கிறார். ஜோன்ஸ் அம்மா லேசுப்பட்டவர் இல்லை.

குட்டி நூலகர்

நிறுத்துங்கள், நான் ஒன்று கேட்கிறேன். ஒரு பெண் தன்னைக் காதலிக்க ஆரம்பித்த மறுநிமிடமே விட்டுவிட்டு அடுத்தவளைத் தேடும் ஆள் இவன். ஊரில் எத்தனை அத்தைமார் கோட்டை வாசலுக்கு வந்து சண்டை போடுகிறார்கள். இவனைக் காதல் நாயகன் என்று கொண்டாட வேண்டுமா? இன்றைக்கு இப்படி ஒருவன் நம் தங்கைக்கு மெசேஜ் அனுப்பினால் தடுத்து வைக்கச் சொல்வோம்.

கடைசி பெஞ்சு

ஆனா அவனுக்குச் சளி பிடிச்சா போர்வைக்குள்ள படுத்து, நான் சாகப் போறேன், யாருக்கும் கவலை இல்லன்னு புலம்புவான் பாருங்க… அங்க விழுந்துட்டேன் நான்.

குட்டி நூலகர்

தம்பி, அது தகுதி இல்லை.

பெரியக்கா

நூலகர் கேட்டது நியாயமான கேள்வி, சிரித்துத் தள்ள வேண்டாம். என் பதில் இது. நாவல் அவனை மன்னிக்கச் சொல்லவில்லை. சோஃபி அவன் முகத்துக்கு நேரே நழுவுகிறவன் என்கிறாள். கோழை, வீண் ஜம்பம், கடமை வந்தால் ஓடுவான், எல்லாமே அவள் பட்டியலில் இருக்கிறது. மற்ற பெண்கள் பார்த்தது அவனுடைய உடுப்பையும் சிரிப்பையும். இவள் பார்த்தது அவன் குளியலறையை. அழகன் வேஷம் கலைந்த பிறகு மிச்சம் இருப்பவனோடு ஒருத்தி தினமும் சண்டை போடுகிறாள். எனக்கு அது காதலுக்கு முந்தைய படியாகத்தான் படுகிறது. இவள் மட்டும் அவனைத் திருத்த முயலவில்லை என்பதையும் பாருங்கள். வீட்டைத்தான் திருத்துகிறாள்.

கூடவே அவன் செய்வதையும் பாருங்கள். கண்டபடி திட்டும் ஒரு கிழவியை, ஒரு தடவைகூட வெளியே போ என்று சொல்லவில்லை. சிலந்தியைக் கொல்லாதே என்று மட்டும் சொல்கிறான்.

யாழ்மழை

ராஜாட்டைப் போய் என்ரை பேரைக் கெடுத்திட்டு வா எண்டு அனுப்புறதுக்கும் அவளைத்தானே தேர்ந்தெடுக்கிறான், தாய் எண்டு சொல்லி. நம்பிக்கை இல்லாட்டி அனுப்புவானே?

குட்டி நூலகர்

சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியைக் கடைசி வாரத்துக்கு வைத்திருக்கிறேன்.

மூன்றாம் வாரம் (15 முதல் 21 வரை). முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

குட்டி நூலகர்

முதல் வாரம் அடிக்கோடு போடச் சொன்னேன் அல்லவா? இப்போது திறக்கலாம். சோஃபி வாயால் சொன்னது பலிக்கிறது. தொப்பிக்குச் சொன்னது அதை வாங்கியவளுக்கு நடந்தது. கைத்தடிக்குச் சொன்னால் அது மந்திரக்கோல். வேலியில் சிக்கிய சோளக்கொல்லைப் பொம்மைக்கு உயிர் வந்ததும் இவள் பேச்சால்தான். ஹௌலின் குரு பென்ட்ஸ்டெம்மன் அம்மையார் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார். இவளுக்கு மட்டும் தெரியாது.

பெரியக்கா

நம் ஊரில் இதைக் கரிநாக்கு என்போம், ஆனால் இவளுடையது நல்ல நாக்கு. இனி நான் சொல்ல நினைத்தது. ஹௌல் ஓரிடத்தில் சொல்கிறான், உன் சாபத்தை நீ கவனிக்காதபோது பல தடவை எடுத்துப் பார்த்தேன், எதுவும் பலிக்கவில்லை, உனக்கே இந்த வேஷம் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன் என்று. ஆக அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். சாபத்தைப் போட்டது சூனியக்காரி, பிடித்து வைத்திருப்பது சோஃபியின் வாய். நான் மூத்தவள், எனக்கு எதுவும் விளங்காது, நான் கிழவி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தாளே, சொன்னது பலிக்கும் நாக்கை வைத்துக்கொண்டு!

இதைப் படித்துவிட்டு முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு தொப்பிக்கும் ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது. தனக்கு ஒன்றுகூட இல்லை.

இரவு ரயில்

அக்கா, இதை நான் கவனிக்கவே இல்லை. எனக்குக் கவிதை முடிச்சுதான் பெரிதாகத் தெரிந்தது.

அந்த முடிச்சையும் சொல்லிவிடுகிறேன். கவிதையில் நடக்காத காரியங்களில் ஒன்று, நேர்மையான மனசை முன்னேற வைக்கும் காற்றைக் கண்டுபிடிப்பது. ஹௌல் அதைப் பற்றிக் கவலையே படவில்லை, தன்னிடம் நேர்மை ஏது என்ற தைரியம். கடைசியில் சோஃபி மாட்டிக்கொண்டாள் என்று தெரிந்ததும் முகத்தைக்கூட மழிக்காமல், தலை கலைந்தபடி ஓடி வருகிறான். இரண்டு மணி நேரக் குளியல் ஆள்! அவன் காதலைச் சொன்ன இடம் அதுதான், வாயைத் திறக்கவே இல்லை.

கடைசி பெஞ்சு

ஆமாங்க, ஆனா எனக்கு ஒரு குறை. முத்தம் இல்ல. ஒரு நல்ல வசனம்கூட இல்ல. கடைசிப் பக்கத்துல சுத்தி எல்லாரும் கத்திட்டு இருக்காங்க, இவங்க ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு இளிக்கிறாங்க. ஹௌல் சொல்றான், நாம ரெண்டு பேரும் இனிமே சந்தோஷமா வாழணும்னு. அவ்வளவுதான் ப்ரபோசல். இப்ப வர்ற புத்தகங்கள்ல இதுக்கு நாப்பது பக்கம் எழுதுவாங்க.

குட்டி நூலகர்

சிறுவர், இளையோருக்கு எழுதியது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனாலும் அந்த ஒரு பக்கம் எனக்குப் போதும். கிழவித் தோற்றம் போனதை அவள் கவனிக்கவில்லை, அவன் முடியின் நிறத்தைச் சொன்ன பிறகுதான் தெரிகிறது. ஆசிரியர் சாபம் நீங்கியதற்கு மேளம் கொட்டவில்லை.

என் மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன். இதயமே இல்லாதவன் என்று ஊர் பேசியது சொல்லுக்குச் சொல் உண்மை. விழுந்து அணையப் போன நட்சத்திரத்தின் மேல் இரக்கப்பட்டுப் பிடித்து, தன் இதயத்தைக் கொடுத்து வாழ வைத்திருக்கிறான். அந்த நட்சத்திரம்தான் கால்சிஃபர். இதயம் அடுப்பில் எரிகிறது, ஆள் ஊர் சுற்றுகிறான். அழகான ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் காட்டி அவன் ஏமாற்றிய பெண்களின் கணக்கை நாவல் தீர்த்துவிட்ட மாதிரி இருக்கிறது. இதயம் இல்லாததால் செய்தான், இப்போது வந்துவிட்டது, சரியாகிவிடுவான். எனக்கு இது சலுகையாகத்தான் தெரிகிறது.

பெரியக்கா

சரியாகிவிடுவான் என்று சோஃபி எங்கே நம்பினாள்? அவனோடு வாழ்வது கதைகளில் வரும் ‘சந்தோஷமாக வாழ்ந்தார்கள்’ மாதிரி அமைதியாக இருக்காது என்று தெரிந்தேதானே நிற்கிறாள்.

குட்டி நூலகர்

அது அவள் பெருந்தன்மை. அவன் கணக்கு அவன் கணக்குதான்.

யாழ்மழை

ரெண்டு பேரும் சண்டை பிடிக்காதேங்கோ, நான் வேறை ஒண்டு சொல்லுறன். சின்னம்மா ஃபேனியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. சம்பளம் குடாமல் வேலை வாங்கினவள் எண்டு மார்த்தா சொல்ல நானும் கோவப்பட்டன். கடைசியிலை வந்து கிழவியான சோஃபியைக் கட்டிப்பிடிச்சு அழுறாள். கொடுமைக்காரச் சித்தியும் இல்லை, தெய்வமும் இல்லை. கெட்டிக்காரத்தனமா ஏவல் கொண்ட ஒரு மனுசி, அவ்வளவுதான். பாசம் இருந்தது, பாவிச்சதும் உண்மை. படத்திலை இந்தக் கணக்கு இல்லை. இதுக்காக மட்டும் புத்தகத்துக்கு ஒரு மாக்ஸ் கூடப் போடுறன், ஆனா போர்க் காட்சிகளை விட்டுக்குடுக்க மாட்டன்.

திண்ணை

கூடுதல் தகவல் ஒன்று. வெளிவந்த காலத்தில் பெரிய விருது எதுவும் வாங்காமல் போய், இருபது ஆண்டு கழித்தும் நிற்கும் சிறுவர் புத்தகத்துக்கு ஃபீனிக்ஸ் விருது தருவார்கள். 2006-இல் இதற்குக் கிடைத்தது.

அடுத்தது என்ன படிக்கலாம்? இதன் தொடர்ச்சியாக இரண்டு உண்டு, 1990-இல் ‘காஸில் இன் தி ஏர்’, 2008-இல் ‘ஹவுஸ் ஆஃப் மெனி வேஸ்’.

கடைசி பெஞ்சு

அதுல ஹௌலும் சோஃபியும் வருவாங்களா?

இரவு ரயில்

வருவார்கள், ஆனால் நாயகர்களாக இல்லை. முதலாவதில் கம்பளம் விற்கும் ஓர் இளைஞன்தான் நாயகன், பறக்கும் கம்பளம், பூதம் எல்லாம் உண்டு. நம் ஆட்களை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று சொன்னால் திண்ணை என்னை வெளியேற்றிவிடுவார்.

திண்ணை

நிச்சயமாக. ஞாயிறு இரவு வரை வாக்களிக்கலாம்.

குட்டி நூலகர்

கம்பளத்துக்கு என் வாக்கு. பெரியக்கா, நம் சண்டையை அந்த இழையில் தொடரலாம்.

பெரியக்கா

வாங்க, காத்திருக்கிறேன்.